உங்களுக்குத் தெரியுமா? தாய்மண் திரும்பிய கறுப்புக் காண்டாமிருகங்கள்

கொம்புக்காகக் கொன்று கொன்றே, 1990-களின் நடுவில் கறுப்புக் காண்டாமிருகங்களின் எண்ணிக்கையை 2,500-க்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். இனத்தைக் காப்பாற்றலாம் என்றால், உயிரியல் பூங்காவில் இவற்றை இனப்பெருக்கம் செய்ய வைப்பது லேசான காரியம் இல்லை. தனித்தே வாழும் பிராணி. நேரம் தவறிச் சேர்த்துவிட்டால் ஆணும் பெண்ணும் மோதிக்கொள்ளும். அதனால் பெண்ணின் சாணத்தில் ஹார்மோன் அளவைச் சோதித்து, பருவம் பார்த்துத்தான் கொட்டடிக் கதவைத் திறக்கிறார்கள். சினைக்காலம் சுமார் 15 மாதம். பிறப்பது ஒரே குட்டி. தீவனமும் பெரும்பாடு. விரல்போல் வளையும் மேலுதட்டால் இலைதழையை ஒடித்துத் தின்று பழகிய உடம்பு. வேறு தீவனத்தில் இரும்புச்சத்து மிஞ்சி நோயாகிவிடும்.

இத்தனையும் தாண்டி, ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த 5 காண்டாமிருகங்கள் 2019 ஜூனில் ருவாண்டாவின் அககேரா தேசியப் பூங்காவுக்கு விமானத்தில் போய்ச் சேர்ந்தன. பராமரிப்பாளர்களின் பல்லாண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பெரிய வெற்றி இது.