பழைய கணினியும் புதிய நிரலும் – நடுவே கைமாறும் தகவல்

கொல்லயில், பாறசாலைப் பக்கத்து நம் குடும்பங்களுக்குக் களியக்காவிளையில் பஸ் மாறுவது பழகிய சங்கதி. 1956 நவம்பர் 1-இல் நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று. அன்று முதல் இறங்கும்போதெல்லாம் பையை எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் அடுத்த வண்டியில் ஏறுகிறோம். கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு.

ஐ.பி.எம். நிறுவனம் 1983-இல் சிஸ்டம்/36 என்ற நடுத்தரக் கணினியை அறிமுகப்படுத்தியது. சம்பளம், சரக்கு இருப்பு போன்ற கணக்குகளை அதில் 'புரொசீஜர்' எனப்படும் கட்டளைத் தொகுப்புகள் நடத்தின. 1988-இல் ஏ.எஸ்./400 வந்தபோது, பழைய புரொசீஜர்களும் ஓடுவதற்கென்றே அதற்குள் ஒரு தனிச் சூழல் அமைத்தார்கள். அதன் வழிவந்த அமைப்பு 2008 முதல் 'ஐ.பி.எம். ஐ' என்ற பெயரில் இருக்கிறது.

புதிய நிரலும் பழைய புரொசீஜரும் பேசிக்கொள்ள முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, அழைக்கும்போதே மதிப்புகளை வரிசையாகக் கொடுப்பது. முதலாவது, இரண்டாவது என்று இடத்தை வைத்துத்தான் புரொசீஜர் அவற்றை அறியும். வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும். இரண்டாவது, 'லோக்கல் டேட்டா ஏரியா'. ஒவ்வொரு வேலைக்கும் தனியாக உள்ள கரும்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம்/36-இல் அது 512 பைட், ஏ.எஸ்./400-இல் 1024. பழைய புரொசீஜருக்கான தகவலை முதல் 512-க்குள் எழுதிவிட வேண்டும். தகவல் அதிகமானால் மூன்றாவது வழி: கோப்பில் எழுதி, மற்றவர் படிப்பது.

சறுக்கும் இடம் எது? ஒரு வேலையை வரிசையில் போட்டுப் பின்னணியில் ஓடவிட்டால், கரும்பலகையின் நகல்தான் அதனுடன் போகும். அங்கே எழுதிய விடை இங்கே திரும்பி வராது. பலர் இதை மறந்துவிட்டு, விடை வரவில்லையே என்று காத்திருப்பார்கள்.

இன்னொன்று கழித்தல் குறி. இந்தக் கணினிகளின் எழுத்துமுறையில் எண்களை இலக்கம் இலக்கமாக வைக்கும்போது, குறி கடைசி இலக்கத்திலேயே ஒட்டியிருக்கும். கழித்தல் 123-ஐ வெறும் எழுத்தாகப் படித்தால், 12-க்கு அடுத்து 'எல்' என்ற ஆங்கில எழுத்து தெரியும். விவரம் தெரியாதவர் அதைப் பிழை என்று வெட்டிவிட்டால் 123 ரூபாய்ப் பற்று, 12 ரூபாய் வரவாகிவிடும்! ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கில் இது நடந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்.

எனவே பிள்ளைகளே, நிரல் எழுதுமுன் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: ஒன்று முதல் ஆறாம் பைட் வரை தேதி, அடுத்த எட்டு தொகை, குறி எங்கே, யார் எழுதுவார், யார் படிப்பார் என்று. இயந்திரத்துக்கு இடம் மட்டும்தான் தெரியும். பொருள் தெரிவது நமக்குத்தான். அந்தப் பொருளை எழுதிவைக்காமல் பழைய ஆள் ஓய்வு பெற்றுப் போய்விட்டால், புரொசீஜர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஏன் ஓடுகிறது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.