யாங்கோன் வெயிலில் டிரம்பெட்டின் சுருதி ஏறுவது ஏன்?

ஏப்ரலில் யாங்கோனின் பகல் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸை எட்டும்போது, பொழுதுபோக்காக டிரம்பெட் பயில்வோரின் கருவி சற்றே தூக்கலாக ஒலிப்பதற்குக் காரணம் உதடுகளின் பிழையன்று. குழாய்க்குள் இருக்கும் காற்றின் சூடே காரணம். டிரம்பெட்டில் சுருதியைத் தீர்மானிப்பது பித்தளையன்று, சுமார் 148 செ.மீ. நீளக் குழாயில் அதிரும் காற்றுத் தம்பமே. அதனூடே ஒலி எவ்வளவு விரைந்து செல்கிறதோ அவ்வளவுக்குச் சுருதியும் உயரும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டராக இருக்கும் ஒலியின் வேகம் 37 டிகிரியில் 353 மீட்டராகிறது. இக்கணக்குப்படி சுருதி ஏறத்தாழக் கால் சுரம், அதாவது அரைச்சுரத்தில் பாதி, ஏற வேண்டும், ஆயினும் வாசிப்பவரின் மூச்சே குழாயை முன்னதாகச் சூடாக்கிவிடுவதால் உண்மையான வேறுபாடு அதைவிடக் குறைவு. பியானோவோடு சேரும்போதுதான் சங்கடம் பெரிதாகிறது, ஏனெனில் வெப்பத்தில் எஃகுக் கம்பிகள் விரிந்து தளர்வதால் அதன் சுருதி இறங்க முற்படுகிறது.

பர்மியச் சைங் வைங் இசைக்குழுவினர் முழவுகளின் முகத்தில் சோறும் சாம்பலும் குழைத்த பசையை அப்பியும் வழித்தும் சுருதி சேர்ப்பார்கள். டிரம்பெட்காரருக்கு அந்த வசதி டியூனிங் ஸ்லைடு எனப்படும் நகரும் வளைகுழாயில் இருக்கிறது. அதற்கு இரு கால்கள் இருப்பதால் 7 மி.மீ. வெளியே இழுத்தால் காற்றின் பாதை 14 மி.மீ. நீண்டு, அதிர்வெண் சுமார் ஒரு விழுக்காடு தாழும். உதட்டைத் தளர்த்தியே இதைச் சரிக்கட்ட முயல்வது வீண் களைப்பு. ஆனால் டியூனிங் ஸ்லைடை இழுக்கும்போது வால்வுகளின் கிளைக்குழாய்கள் தாமாக நீள்வதில்லை. ஆதலால் 1, 3 ஆகிய வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் தாழ்சுரங்களில் மூன்றாம் வால்வின் ஸ்லைடையும் விரலால் தள்ள வேண்டியிருக்கும், அதுவும் மழைக்கால ஈரத்தில் களிம்பேறி இறுகாதபடி கிரீஸ் தடவி வைத்திருந்தால்தான் அசையும்.