செருப்பு போட்டதால் ஒரு வழக்கு!

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். முதலாளி அறை வாசலில் ஏழெட்டு ஜோடி ஷூக்கள் அநாதையாகக் கிடந்தன. "சார், கழட்டிட்டுப் போங்க" என்றார் வாட்ச்மேன். கழட்டினேன். வலது கால் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கணக்கு வழக்கு பேசி முடிக்கும்வரை அந்த விரலை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்ததுதான் நான் பட்ட பாடு.

வீடு திரும்பும்போது ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். இதே புதுச்சேரிக்காரர். செருப்பைக் கழட்ட மாட்டேன் என்று பாரீஸ் வரைக்கும் போனவர்!

பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை. வக்கீல். 1873-ல் ஒருநாள் ஐரோப்பிய பாணி ஷூவும் சாக்ஸுமாக கோர்ட்டுக்குள் நுழைந்தார். பிரெஞ்சு நீதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளூர்க்காரன் ஷூவோடு கோர்ட்டுக்குள் வருவதா? மரியாதைக் குறைவு என்று சொல்லித் தண்டனை கொடுத்துவிட்டார்.

நம்மைப் போன்ற ஆளாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "தப்புதான் ஐயா" என்று சொல்லிவிட்டு, டீக்கடையில் வந்து நீதிபதியைத் திட்டியிருப்போம். பொன்னுத்தம்பி அப்பீல் செய்தார். அதுவும் எங்கே? பாரீஸில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு! அவருக்காக அங்கே வாதாடியவர் ழூல் கொதேன் என்ற பிரெஞ்சு வக்கீல். தீர்ப்பு பொன்னுத்தம்பி பக்கம். ஷூ ஜெயித்தது!

கொதேனுக்கும் யோகம் அடித்தது. 1876-ல் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாக பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் வெறும் கோர்ட் தமாஷ்தான். அசல் விஷயமே இனிமேல்தான்.

பிரெஞ்சுக்காரனுக்கு உள்ள உரிமை நமக்கும் வேண்டும் என்று பொன்னுத்தம்பி குரல் கொடுத்தார். 1881 செப்டம்பர் 21-ல் பாரீஸிலிருந்து ஓர் ஆணை வந்தது. ஜாதி, மத வழக்கப்படி நடக்கும் கல்யாணச் சட்டம், சொத்துச் சட்டம் எல்லாவற்றையும் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். வாபஸ் கிடையாது! இப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர்.

பொன்னுத்தம்பி தேர்ந்தெடுத்த பெயர் 'லப்போர்த்'. பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம். அந்தக் கதவு வழியாக நிறையப் பேர் நுழைந்தார்கள். முக்கியமாக, ஊரில் தலை நிமிர விடாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாதிக்காரர்களும் கிறிஸ்தவர்களும். அப்பன், பாட்டன் பெயரைக் கேட்டே ஜாதியை மோப்பம் பிடிக்கும் ஊரில் ஒரு புதுப் பெயர் என்றால் சும்மாவா?

எதிர்ப்பும் கிளம்பியது. உயர் ஜாதிக்காரர்கள் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் திரண்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூரப் புளியைக் கரைத்தது. இவர்கள் எல்லோரும் நம்மோடு சமமாக ஓட்டுப் போட்டால்? 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியர்களுக்கு ஒன்று. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே தனித் திண்ணை போட்டு உட்கார வைத்த கதை!

ஆனாலும் திறந்த கதவு திறந்ததுதான். புதுவையில் தமிழ் முகத்தோடு, பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு இன்றைக்கும் பலரைப் பார்க்கலாம். லப்போர்த் வீதி என்று ஒரு தெருவே இருக்கிறது. சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஷூ விஷயம் தெரியுமோ!

அடுத்த முறை முதலாளி அறை வாசலில் வாட்ச்மேன் "கழட்டுங்க" என்றால், நானும் பொன்னுத்தம்பியை நினைத்துக்கொண்டு முறைக்கத்தான் போகிறேன்.

முறைத்துவிட்டுக் கழட்டிவிடுவேன். பாரீஸுக்கு டிக்கெட் எடுக்க யாரிடம் சார் காசு இருக்கிறது? ஆனால் சாக்ஸ் மட்டும் புதுசாக இருக்கும்!