சாவி தொலைந்தால் என்ன ஆகும்?

ரகசிய எண், அட்டை, கைரேகை, கைப்பேசி: மின்னணுக் கதவுப் பூட்டுகளை இப்படித்தான் வகைபிரித்து விற்கிறார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது, அந்தச் சாவி பிறர் கைக்குப் போனால் எவ்வளவு எளிதில் செல்லாததாக்க முடியும் என்பதைத்தான். ரகசிய எண்ணை நொடியில் மாற்றிவிடலாம். ஆனால் அது எல்லோருக்கும் பொது என்றால், ஒருவர் வாய்தவறினாலும் அத்தனை பேருக்கும் புதிய எண் சொல்ல வேண்டும். அட்டை தொலைந்தாலோ அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும்.

சிக்கல், அட்டை தொலையாமலே நகலெடுக்கப்படும்போது வருகிறது. 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் மலிவான அட்டை, அருகில் வரும், அதே அலைவரிசையில் படிக்கும் எந்தக் கருவிக்கும் தன் எண்ணை அப்படியே சொல்லிவிடும். உரியவருக்குத் தெரியாத நகலை யார் ரத்து செய்வது? குறியாக்கம் உள்ள அட்டைகளும் ஒரே தரமல்ல. பரவலாகப் புழங்கிய மைஃபேர் கிளாசிக் அட்டையின் குறியாக்கத்தை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்தார்கள்; ஆய்வு வெளிவராமல் தடுக்கத் தயாரிப்பு நிறுவனம் கேட்ட தடையை நீதிமன்றம் மறுத்தது. அப்படியும் அட்டை ஒழியவில்லை. அதைப் பயன்படுத்தும் ஓட்டல் பூட்டுகளில், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகளைப் பாதிக்கும் ஓட்டை இருப்பது 2024இல் அம்பலமானது. மாறாக, ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள அட்டை, ஒவ்வொரு முறையும் புதிய பதிலைக் கணக்கிட்டுத் தருவதால் ஒட்டுக்கேட்டு நகலெடுப்பது பலிக்காது.

கைரேகையை இரவல் தர முடியாதே என்பார்கள். உண்மைதான், வருகைப்பதிவுக்கு அது உதவும். ஆனால் 2015இல் வெளியான அமெரிக்க அரசுப் பணியாளர் அலுவலகத் தரவுத் திருட்டில் 56 லட்சம் பேரின் கைரேகைகள் பறிபோயின. அட்டையை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. கைரேகை வேண்டும் என்றால், அதை மையக் கணினியில் குவிக்காமல் அவரவர் அட்டையிலேயே வைத்து ஒப்பிடும் முறை மேல்.

சின்னக் குடியிருப்புக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி நியாயமானது. எல்லாக் கதவுக்கும் தேவையில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மலிவான அட்டை போதும், வெளிவாசலுக்கும் சர்வர் அறைக்கும் போதாது. செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குவது யார் பொறுப்பு என்று எழுதிவைக்க வேண்டும். அதைச் செய்யாத இடத்தில், விலையுயர்ந்த பூட்டும் அவருக்குக் கதவைத் திறந்துகொண்டேதான் இருக்கும்.