காசு கொடுக்காதவர்களும் விலை கொடுக்கிறார்கள்

2013-இல் கூகுள் நிறுவனம் 1,500 டாலர் விலையில் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தது. வலக்கண்ணுக்கு மேலே சின்னத் திரை, பக்கத்திலேயே கேமரா. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து, கண்ணைச் சிமிட்டினாலே படம் எடுக்கும் வசதியும் சேர்ந்தது. பொறியியல் சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் கண்ணாடி மக்கள் கைக்கு வரும் முன்பே, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு மதுக்கூடம் 'இதைப் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது' என்று அறிவித்துவிட்டது. கண்ணாடிக்காரர் நம்மைப் பார்க்கிறாரா, படம் பிடிக்கிறாரா என்று எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை. படம் ஓடுகிறது என்று காட்டத் தனி விளக்குகூட அதில் இல்லை. 2015 ஜனவரியில் அந்தப் பதிப்பின் விற்பனையை கூகுள் நிறுத்திக்கொண்டது.

விலையும் பேட்டரியும்கூட காரணங்கள்தான். ஆனாலும் என் கணிப்பில் பெரிய பிழை வேறு. வடிவமைத்தவர்கள் அணிபவரை மட்டுமே மனதில் வைத்திருந்தார்கள். எதிர் மேசையில் காபி குடிப்பவரை மறந்துவிட்டார்கள். அவர் பத்துப் பைசா செலவழிக்கவில்லை, எந்த நிபந்தனைக்கும் 'சம்மதம்' என்று தட்டவில்லை. ஆனாலும் அவர் முகம் பதிவாகிறது.

அவரை மறக்காமல் வடிவமைக்கவும் முடியும். ஜப்பானில் விற்கும் பெரும்பாலான கைப்பேசிகளில் படம் எடுத்தால் 'க்ளிக்' சத்தம் வந்தே தீரும், அணைக்க முடியாது. பெண்களை ரகசியமாகப் படம் எடுப்பதைத் தடுக்க நிறுவனங்கள் தாங்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. 2021-இல் ஃபேஸ்புக்கும் ரே-பானும் சேர்ந்து கேமரா கண்ணாடி வெளியிட்டபோது அதில் ஒரு குட்டி வெள்ளை விளக்கு இருந்தது. 'இது யார் கண்ணில் படும்?' என்று அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள் கேட்டன. 2023-இல் வந்த அடுத்த பதிப்பில் விளக்கு பெரிதானது. அதை மூடினால் படம் எடுக்காது என்ற ஏற்பாடும் வந்தது. கேள்வி கேட்டால் வடிவம் மாறும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

காசு கொடுக்காமல் விலை கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இத்தகைய கருவிகளின் பேட்டரிக்குத் தேவையான கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவின் மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் இறங்குகிறார்கள். கருவி செத்த பிறகு அது டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போகிறது. செம்புக்காக ஒயரை எரிப்பதும், தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் முக்குவதும் அங்கே பிழைப்பு. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் கொட்டியது என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே.

ஒரு ஸ்மார்ட்போனால் உண்டாகும் கரிம உமிழ்வில் பெரும்பங்கு, அது தயாராகும்போதே காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே ஒரு போனை இரண்டு ஆண்டு கூடுதலாக வைத்திருப்பதைப் போன்ற நல்ல காரியம் வேறில்லை. வைத்திருக்க விடுகிறார்களா? சென்னை ரிச்சி தெருவில் போன் சர்வீஸ் கடைக்காரர் பேட்டரி மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கிப் பசையை இளக்குகிறார். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் நகர்த்துகிறார். உள்ளே பேட்டரியும் பசையில்தான் ஒட்டியிருக்கிறது. 'பேக் கிளாஸ் உடைஞ்சா நான் பொறுப்பில்ல சார்' என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பசையை முடிவு செய்தது தொலைதூர அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்திருந்த வடிவமைப்பாளர்.

வேறு மாதிரி செய்ய முடியும் என்று காட்டியது ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்போன் நிறுவனம். ஆயுதக் குழுக்களின் கைக்குப் பணம் போகாத சுரங்கங்களிலிருந்து தகரமும் டான்டலமும் வாங்குவதில் தொடங்கியவர்கள் அவர்கள். 2015-இல் வந்த ஃபேர்போன் 2-இன் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுக்கலாம். திரையை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. சிப் தயாரித்த நிறுவனம் ஆதரவை நிறுத்திய பிறகும், இவர்கள் தாங்களே உழைத்து 2023 வரை மென்பொருள் புதுப்பிப்புகளைத் தந்தார்கள். விலைக்கேற்ற வேகமோ கேமராவோ அதில் இல்லை என்ற குறை உண்மைதான். ஒரு சின்ன நிறுவனத்தால் முடிந்தது பெரிய நிறுவனங்களுக்கு முடியாதா என்ற கேள்வி அதைவிடப் பெரிது.

பெரியவர்களை அசைக்கச் சட்டம் வேண்டும். பிரான்சில் 2021-இல் ஸ்மார்ட்போனின் விலைக்குப் பக்கத்திலேயே பழுதுபார்ப்பு மதிப்பெண்ணையும் காட்டுவது கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டு உதிரிபாகமும் ஐந்தாண்டு மென்பொருள் புதுப்பிப்பும் கட்டாயம் என்கிறது. நம் மத்திய அரசு 2024-இல் அமைத்த குழுவும் இத்தகைய மதிப்பெண் முறையை அடுத்த ஆண்டே பரிந்துரைத்துவிட்டது. அது கட்டாயச் சட்டமாக வேண்டும்.

அதுவரை, அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன், இந்த மூன்றையும் கேளுங்கள்: புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்? பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? டிஸ்ப்ளே போனால் உள்ளூரில் கிடைக்குமா? பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.