கொட்டலசும் விஷ வர்ணமும்

கப்பலின் அடிப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் கொட்டலசு, உருவில் சிறியதாயினும் இழைக்கும் தீங்கில் சிறியதன்று. குஞ்சுப் பருவத்தில் நீரில் திரியும் அவ்வுயிர், தலையை ஊன்றிப் பசையால் ஒட்டிக்கொண்டபின் ஆயுள் முழுவதும் அவ்விடம் விட்டு அகல்வதில்லை. அதன் மிகுதியால் கப்பலின் வேகம் குன்றும். எரிபொருட் செலவு ஏறும்.

ஆங்கிலக் கடற்படையார் 1761-ல் அலாரம் என்னும் கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தனர். ஒட்டுயிர்கள் ஒழிந்தன, ஆனால் செம்பு தொட்ட இரும்பாணிகள் அரித்துப்போயின!

1960-களில் ட்ரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த வர்ணம் பரவிற்று. சுரண்டும் கூலி மிச்சமென்று படகுடையோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுத்தவர் யார்? பிரான்ஸ் தேசத்து ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்த்துப் பிழைக்கும் எளியோரே. 1970-களின் பிற்பகுதியில் அங்கே சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. உல்லாசப் படகுக்காரரின் சிக்கனம் உழைப்பாளியின் அடுப்பை அணைத்தது. பிரெஞ்சு அரசாங்கம் 1982-ல் சிறு படகுகளுக்கு அவ்வர்ணத்தைத் தடுத்தது. சர்வதேச உடன்படிக்கையோ 2001-ல் நிறைவேறி, 2008-ல்தான் அமலுக்கு வந்தது. தீங்கு கண்கூடாகத் தெரிந்த பின்னரும் கால் நூற்றாண்டு தாமதித்ததற்கு என்ன சமாதானம் கூறுவது?

படகைக் கரையேற்றி, ஈரம் உலருமுன் நீரைப் பீய்ச்சிச் சுரண்டுவதே இன்றும் நேரிய வழி. சிரமந்தான், மறுப்பதற்கில்லை. சுரண்டிய கழிவிலும் பழைய வர்ணத்தின் நஞ்சும் அயற்கடல் உயிர்களும் கலந்திருக்கக்கூடும். ஆதலின் அதனை அலையில் தள்ளிவிடாது, தரையில் படுதா விரித்துச் சேர்த்து அப்புறப்படுத்தல் வேண்டும்.