தலையை எண்ணாத கணக்கு

மனிதரை எண்ணாமலே ஜனத்தொகையை அறிய இயலுமா? இஸ்ரவேலரைக் கணக்கிடும் காலத்தில், செல்வன் அதிகமாகவும் தரித்திரன் குறைவாகவும் கொடாமல், இருபது வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அரைச் சேக்கல் வெள்ளியைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டுமென்று விதிக்கிறது விவிலியத்தின் யாத்திராகமம்; தலைகளை எண்ணாது அந்த வெள்ளியையே எண்ணினர் என்பது யூத மரபின் வியாக்கியானம். அதன் நீட்சியாக, நம் மொன்றியால் மாநகரிலும் பிற தேசங்களிலும் வாழும் ஆசாரமுள்ள யூதர், பிரார்த்தனைக்கு வேண்டிய பதின்மர் கூடினரா என்றறிய, எண்களை உச்சரியாமல், எபிரேயத்தில் பத்துச் சொற்களாலான சங்கீத வசனமொன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பதுண்டு. செல்வரும் ஏழையும் சமமே, மனிதன் வெறும் எண்ணல்லன் என்பதே அக்கணக்கின் தாத்பரியம்.